பனிக்கால வெயிலுக்கு ஒரு வீட்டுத்தோட்டம்: வன்னி வளவுகளுக்கான முழுமையான வழிகாட்டி

வன்னியில் வெயிலைத் தேடி யாரும் போவதில்லை. பங்குனி பிறந்தால் அதுவே வாசலுக்கு வந்துவிடும். அதனால் வீட்டுத்தோட்டம் என்று பேச்சு வந்தால் தண்ணீரைப் பற்றிக் கதைப்போம், எருவைப் பற்றிக் கதைப்போம், குரங்கைப் பற்றி நிறையவே கதைப்போம். வெயிலைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் கார்த்திகை தொடங்கி மார்கழி முடியும் வரை கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ தோட்டம் வைத்துப் பாருங்கள். மப்பும் மந்தாரமுமாக ஒரு கிழமை கிடந்தால் நாற்றுகள் வெளிறி நெட்டையாக வளர்ந்து சாய்ந்துவிடும். அந்த நேரம் கிடைக்கும் ஒவ்வொரு மணி நேர வெயிலும் காசுக்குச் சமம்.

மழை வெளித்த பிறகு, மார்கழிக் கடைசியிலிருந்து மாசி முடியும் வரை வருகிற வெயில்தான் மரக்கறிச் செய்கைக்கு ஆண்டிலேயே நல்ல வெயில் என்பது என் உறுதியான எண்ணம். நிலத்தில் ஈரம் இருக்கும். கிணறு நிரம்பி இருக்கும். இரவில் குளிர் இருக்கும், சில இரவுகளில் வெப்பநிலை 20 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும். பகல் வெயிலோ இலையைச் சுடாது. இந்த நான்கும் ஒன்றாகச் சேர்வது ஆண்டில் இந்த இரண்டு, இரண்டரை மாதம் மட்டும்தான். தக்காளி பூத்துப் பிஞ்சு பிடிக்கவும், பீற்றூட் கிழங்கு வைக்கவும், கோவா சுருண்டு கட்டவும் இந்தக் குளிர்ந்த இரவு தேவை. இந்தக் காலத்தைத் தவறவிட்டால் அடுத்த மார்கழி வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஆகவே இந்த வழிகாட்டி உரத்தில் தொடங்கவில்லை, சூரியனில் தொடங்குகிறது.

சூரியன் எந்தப் பக்கம் நிற்கிறது?

வன்னி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய ஒன்பது, ஒன்பதரைப் பாகையில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் எங்களுக்கு நேர் உச்சியில் நிற்கும். அதன்பின் வடக்கே போய், ஓகஸ்ட் கடைசியில் மறுபடி உச்சிக்கு வரும். பிறகு தெற்கே சரியத் தொடங்கும். டிசெம்பர் 21, 22இல் அது மிகத் தெற்கே போய்விடும். அன்று நண்பகலில்கூட சூரியன் 57 பாகை உயரத்தில்தான் நிற்கும். பகல் பொழுதும் அன்றைக்குத்தான் மிகக் குறைவு: ஏறக்குறைய 11 மணி 35 நிமிடம். ஆனியில் அது 12 மணி 40 நிமிடம்.

தோட்டக்காரருக்கு இதில் தேவையான செய்தி ஒன்றுதான். மார்கழி, தையில் வெயில் தெற்கிலிருந்து சாய்ந்து வருகிறது, நிழல் வடக்கே விழுகிறது. ஆனி, ஆடியில் இது தலைகீழாக மாறும். அதனால் கோடையில் நல்ல வெயில் விழுந்த இடம் என்று நீங்கள் நினைவில் வைத்திருக்கும் பாத்தி, மாரியில் நிழலுக்குள் கிடக்கலாம்.

வீட்டைச் சுற்றி ஒருதரம் நடந்து பாருங்கள். சாதாரண ஒரு மாடி வீடு, கூரைத் தாழ்வாரம் எட்டு ஒன்பது அடி உயரம் என்றால், வடக்குச் சுவரிலிருந்து ஆறேழு அடி வரையான நிலத்தில் மார்கழி, தை மாதங்களில் நாள் முழுவதும் நேர் வெயில் விழாது. அந்த இடத்தில் தக்காளி வைத்தால் இலைதான் மிஞ்சும். வீட்டுக்குத் தெற்கேயும் தென்கிழக்கேயும் இருக்கிற நிலம்தான் பனிக்காலத் தோட்டத்துக்குரிய நிலம். பல வளவுகளில் அந்த இடம் சைக்கிள் விடவும் விறகு அடுக்கவும் போய்விடுகிறது. விறகை வடக்குப் பக்கம் மாற்றுங்கள்.

முதல் வேலை: ஒரு கம்பு, மூன்று அடையாளம்

ஆறடிக் கம்பு ஒன்றைத் தோட்டம் போட நினைக்கும் இடத்தின் நடுவில் நேராக ஊன்றுங்கள். வானம் வெளித்த ஒரு நாளில் காலை 8.30க்கு நிழலின் நுனியில் ஒரு கல் வையுங்கள். 12.15க்கு இன்னொன்று. பிற்பகல் 3.30க்கு மூன்றாவது. தைப்பொங்கலை ஒட்டிய நாட்களில் இதைச் செய்தால் காலை நிழல் ஏறக்குறைய பன்னிரண்டு அடி நீளும், மதிய நிழல் மூன்றரை அடி, பிற்பகல் நிழல் ஒன்பது அடி. காலை நிழல் மேற்கு, வடமேற்குப் பக்கமாக விழும். மதிய நிழல் நேர் வடக்கைக் காட்டும், திசைகாட்டி தேவையில்லை. (வன்னியில் தை நடுப்பகுதியில் சூரியன் உச்சத்துக்கு வருவது 12 மணிக்கல்ல, 12.17 அளவில்.)

இந்த மூன்று எண்களும் கையில் இருந்தால் மற்றக் கணக்கெல்லாம் சுலபம். காலை 8.30க்கு எந்தப் பொருளின் நிழலும் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு. நண்பகலில் உயரத்தில் அரைவாசிக்குக் கொஞ்சம் கூட. கிழக்கு வேலி ஆறடி உயரத்தில் அடர்த்தியாக நின்றால், வேலியிலிருந்து பத்தடிக்கு மேல் தள்ளிப் பாத்தி எடுத்தால்தான் 8.30 வெயில் செடியின் அடியில் விழும். இருபதடி மாமரம் தெற்கே நின்றால், மதியத்திலேயே பன்னிரண்டு அடி நிழல் உங்கள் பக்கம் வரும்.

காய்க்கும் செடிகளுக்கு, அதாவது தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டி, பயிற்றை, பாகல் எல்லாவற்றுக்கும், ஒரு நாளைக்கு ஆறு மணி நேர நேர் வெயிலாவது வேண்டும். கிழங்கு வைப்பவற்றுக்கு ஐந்து மணி நேரத்தில் சமாளிக்கலாம். கீரைக்கு மூன்று நான்கு மணி நேரம் போதும். கற்களைப் பார்த்து, எங்கே எத்தனை மணி நேரம் என்று ஒரு தாளில் கீறி வையுங்கள். அந்தத் தாள்தான் உங்கள் தோட்டத்தின் வரைபடம்.

வேலியைத் திறத்தல்

வன்னி வளவுகளில் வெயிலை மறிப்பது மதில் இல்லை, உயிர்வேலிதான். சீமைக்கிளுவையும் பூவரசும் கிளுவையும் ஐப்பசி மழையில் குதித்து வளர்ந்து, மார்கழியில் பத்துப் பன்னிரண்டு அடிக்கு இலை கட்டி நிற்கும். கிழக்கு, தென்கிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பக்கக் கதியால்களையும் மார்கழி நடுப்பகுதியில், மழை சற்று ஓய்ந்ததும், நெஞ்சளவுக்கு வெட்டிவிடுங்கள். வடக்கு வேலியைத் தொட வேண்டாம். வாடைக்காற்று அடிக்கும் காலம், அந்த வேலி தடுப்பாக நிற்கட்டும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் கால ஒழுங்குதான். மார்கழியில் வெட்டிய சீமைக்கிளுவை இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி தழைத்துவிடும். பங்குனி வெயில் சுடத் தொடங்கும்போது, செடிக்கு நிழல் தேவைப்படும் அதே நேரத்தில், வேலி தானாக உயர்ந்து நிற்கும். வெட்டிய இலை தழைச்சத்து நிறைந்தது. தண்டை நீக்கி இலையைப் பாத்தி மண்ணோடு கலக்கலாம், பாத்தியின் மேல் பரப்பலாம், ஆட்டுக்கும் போடலாம்.

முருங்கை நின்றால் உயரக் கிளைகளை இறக்கிவிடுங்கள். மாரியில் மயிர்க்கொட்டி அடையும் மரம் அதுதான். காலையில் அதன் கீழே குந்தியிருக்க நினைப்பவர்கள் முதலில் தண்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பனையின் நிழல் மெல்லியது, நகர்ந்துகொண்டே இருப்பது. அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இன்னொரு விஷயம், பகிடி இல்லை. வளவின் எல்லையிலோ பற்றைக்குள்ளோ புதிதாக நிலம் திறப்பவர்கள் அந்தக் காணியில் கண்ணிவெடி அகற்றி முடிந்ததா என்பதைக் கிராம சேவையாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு மண்வெட்டியை வையுங்கள். மழை மண்ணை அரித்த பிறகு பழைய இரும்புப் பொருட்கள் வெளியே தெரியும். அறியாத எதையும் தொடாமல், அடையாளம் வைத்துவிட்டுப் பொலிசுக்கோ கிராம சேவையாளருக்கோ அறிவியுங்கள். போர் முடிந்தது 2009இல் என்றாலும் இந்தக் கவனம் இன்றைக்கும் வேண்டும்.

பாத்தி எடுத்தல்

வன்னியின் மேட்டு நிலம் பெரும்பாலும் செம்மண் கலந்த கபில மண். நனைந்தால் மண்வெட்டியில் ஒட்டும், காய்ந்தால் அலவாங்கு கேட்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஈரத்தில்தான் கொத்த வேண்டும். ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டுங்கள். உருண்டையாகி, விரலால் தட்டியதும் உதிர்ந்தால் அன்றைக்குக் கொத்தலாம். கையில் பசையாக ஒட்டினால் இரண்டு நாள் பொறுங்கள். ஈரமாகக் கொத்திய மண் பிறகு கட்டியாகி, தை முழுதும் கட்டியாகவே கிடக்கும்.

பாத்தி மூன்று, மூன்றரை அடி அகலம், நிலத்திலிருந்து ஆறு முதல் எட்டு அங்குல உயரம். இந்த உயரத்துக்கு இரண்டு காரணம். ஒன்று, வன்னியில் டிசெம்பர் மழையை நம்ப முடியாது. 2018 டிசெம்பர் கடைசியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தன. 2020 டிசெம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியது. இரண்டு, உயர்ந்த பாத்தி காலை வெயிலில் சீக்கிரம் சூடேறும், வேரும் சீக்கிரம் வேலை தொடங்கும். பாத்திகளுக்கு நடுவில் ஒன்றரை அடி வாய்க்கால் விட்டு, அதன் சரிவு வளவுக்கு வெளியே போகும்படி பாருங்கள்.

ஒரு சதுர மீற்றருக்கு இரண்டு கடகம் நன்றாக உக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு. உமிக்கரி கிடைத்தால் ஒரு கடகம். வன்னியில் ஆலைகள் உள்ள இடமெல்லாம் உமி கிடைக்கும், அதை வீணாக்க வேண்டாம். மழையோடு தழைச்சத்து கரைந்து போவதால், நட்டு மூன்று கிழமையில் ஒரு பங்கு சாணத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர் என்று கரைத்து அடியில் ஊற்றுங்கள். 2021இல் இரசாயன உரம் நிறுத்தப்பட்டபோதும், 2022இல் அரிசியும் மரக்கறியும் விலை ஏறி, அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை தோட்ட வேலைக்கு விடுமுறை அறிவிக்கப்பட்டபோதும் எத்தனையோ வளவுகளில் அவசரமாகப் பாத்தி எடுக்கப்பட்டது. எரு சேர்ந்த பாத்திகள் இன்னும் இருக்கின்றன.

ஒழுங்கு இதுதான்: உயரமானவை வடக்கே, குட்டையானவை தெற்கே. பாகல், புடோல், பீர்க்கு, பயிற்றைப் பந்தல்கள் தோட்டத்தின் வடக்கு ஓரத்தில். அதற்கு முன்னால் தடி ஊன்றிய தக்காளி, கத்தரி, வெண்டி. அதற்கும் முன்னால் மிளகாய், போஞ்சி. தெற்கு ஓரத்தில் பீற்றூட், கரட், முள்ளங்கி, கீரை. தக்காளி வரிசைகளை வடக்குத் தெற்காக ஓட விடுங்கள். காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் வெயில் படும். வீட்டின் வடக்கு நிழலை வீணாக்காமல் வல்லாரை, பொன்னாங்காணி, புதினா, இஞ்சி வையுங்கள்.

எதை எப்போது போடுவது

இந்தப் பகுதியில்தான் பலர் பிந்திவிடுகிறார்கள். மழை முழுதாக விட்டபின் விதை போட்டால் செடி பூக்கும் நேரம் பங்குனி வந்துவிடும். இரவு குளிராமல் பூ உதிரும். ஆகவே நாற்றுமேடை மழைக்குள்ளேயே தொடங்க வேண்டும்.

கார்த்திகை நடுவில், அதாவது டிசெம்பர் தொடக்கத்தில், தக்காளி, கத்தரி, மிளகாய் விதையைத் தட்டுகளிலோ உயர்ந்த மேடையிலோ போடுங்கள். மேலே தெளிந்த பொலித்தீன் கூரை, நான்கு பக்கமும் திறந்து. கிடுகால் மூடினால் மழை தெரியாது, வெயிலும் தெரியாது, நாற்று நெட்டையாகும். தக்காளி மூன்று நான்கு கிழமையில் நடத் தயாராகும். கத்தரியும் மிளகாயும் நான்கு ஐந்து கிழமை எடுக்கும். நடுவதற்கு ஒரு கிழமைக்கு முன்னரே நாற்றை வெயிலுக்குப் பழக்குங்கள்: முதல் இரண்டு நாள் காலை வெயில் இரண்டு மணி நேரம், பிறகு அரை நாள், கடைசியில் முழு நாள். மந்தாரத்தில் வளர்ந்த நாற்றை ஒரேயடியாக வெயிலில் நட்டால் இலை வெளிறிச் சுருண்டுவிடும்.

தக்காளி மார்கழிக் கடைசியில் நிலத்துக்குப் போனால் தைக் கடைசியில் பூக்கும், மாசிக் குளிரில் பிஞ்சு பிடிக்கும், பங்குனித் தொடக்கத்தில் பழுக்கும். ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் ஒன்றரை அடியாவது விடுங்கள். நெருங்கினால் காற்று ஓடாது, பனி காயாது. கத்தரிக்கு இரண்டடி வேண்டும்.

கோவா வேண்டுமானால் கார்த்திகையில் நாற்றுப் போட்டு மார்கழித் தொடக்கத்தில் நட்டிருக்க வேண்டும். தைக்குப் பின் நடுவது வீண் வேலை. கரட்டும் அப்படித்தான், மூன்று மாதம் கேட்கும் பயிர், மார்கழி நடுவுக்குள் விதைத்துவிடுங்கள். பீற்றூட் கொஞ்சம் பொறுக்கும், தைப்பொங்கல் வரை விதைக்கலாம். கரட்டும் முள்ளங்கியும் பிடுங்கி நட முடியாதவை, நேரே பாத்தியில் விதைத்து, முளைத்தபின் கலைத்துவிடுங்கள். முள்ளங்கி ஆறேழு கிழமையில் கைக்கு வந்துவிடும். புதர்ப் போஞ்சியை மார்கழியில் விதைத்தால் மாசியில் பிடுங்கலாம். சின்ன வெங்காயம் மழை தணிந்தபின் நட வேண்டும், காயும் நிலத்தில் பிடுங்க வேண்டும். தை நடவு அதற்குச் சரியாக வரும்.

கீரையை இரண்டு கிழமைக்கு ஒரு சிறு பாத்தி வீதம் விதைத்துக்கொண்டே இருங்கள். வெண்டியும் பயிற்றையும் வெயில் பிள்ளைகள். எப்போது போட்டாலும் வரும். ஆனால் தையில் ஒரு வரிசை போட்டு வையுங்கள். மற்றவை பங்குனியில் களைத்துப்போகும் நேரம் அவை காய்க்கும்.

விதை வாங்கும்போது விவசாயத் திணைக்கள விற்பனை நிலையத்தில் உள்நாட்டு இனங்களைக் கேளுங்கள். கத்தரியில் திருநெல்வேலி ஊதா வடக்கின் வெப்பத்துக்குப் பழகியது. தக்காளியில் திலின பற்றீரியா வாடலை ஓரளவு தாங்கும்.

பனி, தண்ணீர், திடீர் வெயில்

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்தப் பனி செடிக்குத் தண்ணீரில்லை, நோய்க்கு வழி. காலை ஆறரைக்குப் போய் ஒரு கோவா இலையைப் பாருங்கள். இலையின் மெழுகுப் பூச்சில் துளிகள் உருண்டு நடு நரம்புக்கு வந்து, தண்டோடு ஒட்டும் குழியில் ஒரு கரண்டி தண்ணீராகத் தேங்கி நிற்கும். தக்காளி இலையில் அப்படி உருளாது. மயிரில் பிடித்துக்கொண்டு இலை முழுவதும் ஒரு ஈரப்படலமாகக் கிடக்கும். அந்தப் படலம் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதில்தான் பூஞ்சண நோய் வருவதும் வராததும் தங்கியிருக்கிறது. கிழக்கு வெயில் ஏழரைக்குப் படும் செடியில் எட்டரைக்குள் இலை காய்ந்துவிடும். வேலி நிழலில் நிற்கும் செடியில் பத்து மணிக்கும் ஈரம் இருக்கும். கிழக்கு வேலியை வெட்டச் சொன்னதன் முதற்காரணம் இதுதான்.

இலையில் தண்ணீர் ஊறியதுபோன்ற கரும்பச்சைப் புள்ளி விழுந்து ஓரிரு நாளில் கருகினால் அந்த இலைகளைக் கிள்ளி எரித்துவிடுங்கள். அடி இலைகளை ஒரு சாண் உயரத்துக்கு நீக்கிவிடுங்கள். வெண்டி, பூசணி இலையில் மா தூவியதுபோல வெள்ளை படர்வது வேறு. அதற்கு இலை நனையவே தேவையில்லை, இரவின் ஈரக்காற்றும் நிழலும் போதும். அதற்கும் வெளிச்சமும் காற்றும்தான் முதல் மருந்து.

தண்ணீரைக் காலையில் விடுங்கள், அடியில் விடுங்கள். மாலையில் பூவாளியால் இலை நனைய ஊற்றுவது பங்குனி, சித்திரையில் பரவாயில்லை. தை, மாசியில் வேண்டாம். இந்தக் காலத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போதும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் ஊற்றாதீர்கள்.

அப்புறம், மாரியில் எல்லாரையும் குழப்புகிற ஒன்று. நாலைந்து நாள் அடைமழை. ஐந்தாம் நாள் பளிச்சென்று வெயில். மத்தியானம் பார்த்தால் மிளகாயும் தக்காளியும் தொய்ந்து நிற்கின்றன. உடனே தண்ணீர் ஊற்றத் தோன்றும். ஊற்றாதீர்கள். ஊறிய மண்ணில் வேருக்கு மூச்சில்லை, அதனால் பக்கத்தில் தண்ணீர் இருந்தும் அதால் உறிஞ்ச முடியவில்லை. வாய்க்காலை வெட்டித் தண்ணீரை வடியுங்கள், மேல் மண்ணை ஒரு அங்குலம் மெல்லக் கிளறிவிடுங்கள், இரண்டு நாளைக்கு மத்தியான நேரம் மட்டும் தென்னோலையால் மறையுங்கள். பெரும்பாலான செடிகள் தேறிவிடும்.

மாலையிலும் தெளியாமல், இலை பச்சையாகவே தொய்ந்து கிடந்தால் ஒரு செடியைப் பிடுங்குங்கள். அடித்தண்டை வெட்டி, கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீரில் தொங்கவிடுங்கள். சற்று நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால்போல நூல் இறங்கினால் அது பற்றீரியா வாடல். செடியை வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள். அந்தப் பாத்தியில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் சில போகத்துக்கு வைக்காமல், சோளம், கீரை, வெங்காயம் என்று மாற்றுங்கள்.

குரங்கு, மயில், பன்றிக்கு ஒரு வரி: தோட்டம் குசினிக்குக் கிட்ட இருப்பதைப் போல ஒரு காவல் இல்லை. மயில் நாற்றைக் கொத்தும் முதல் மூன்று கிழமைக்கு மட்டும் வலை போட்டால் போதும்.

நீங்களும் வெயில் காயுங்கள்

பனிக்காலத் தோட்டத்தில் ஒரு வாங்கு இல்லாவிட்டால் அது பாதித் தோட்டம்தான். பழைய பலகை ஒன்றை இரண்டு மரக்குற்றியில் வைத்தால்கூடச் சரி. பாத்திகளுக்குத் தெற்கே போடாதீர்கள், உங்கள் நிழலே செடியில் விழும். பாத்திகளின் வடமேற்கு மூலையில், கிழக்கும் தெற்கும் பார்க்க வையுங்கள். காலை ஏழரை மணிக்கு வெயில் முகத்தில் படும், முழுத் தோட்டமும் கண்ணுக்கு முன்னால் இருக்கும். தேத்தண்ணியும் ஒரு கடி பனங்கட்டியும் கையில் இருந்தால் எழும்ப மனம் வராது. அம்மம்மா, அப்பு வீட்டில் இருந்தால் அவர்களுக்கு அந்த இடத்தைக் கொடுங்கள். மூட்டு நோவோடு எழும்பும் முதியவர்களுக்குப் பனிக்காலக் காலைச் சூடு பெரிய ஆறுதல். பூச்சி பிடித்த இலையை முதலில் காண்பதும் பெரும்பாலும் அவர்கள்தான்.

விற்றமின் டி வேண்டும் என்று வெயில் காய்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தோலில் அது உருவாகத் தேவையான கதிர், சூரியன் தாழ நிற்கும்போது மிகக் குறைவாகவே நிலத்துக்கு வரும். உங்கள் நிழல் உங்களை விட நீளமாக இருக்கும் நேரம் அந்தப் பலன் சொற்பம். தை மாதத்தில் நிழல் உயரத்தை விடக் குறுகுவது காலை 10 மணியளவில். பிற்பகல் 2.30 வரை அப்படி இருக்கும். ஆகவே ஏழரை வெயில் சூட்டுக்கும் மனதுக்கும். பத்து மணிக்குப் பிறகு கொஞ்ச நேரம் களை பிடுங்குவது எலும்புக்கு.

இரண்டு எச்சரிக்கை. குளிர்ந்த இரவுக்குப் பிறகு பாம்பும் வெயில் காயத்தான் வரும். விரியன் வரம்பிலும் வைக்கல் குவியலிலும் சுருண்டு கிடக்கும். பாத்திக்குள் கை விடுமுன் தடியால் தட்டுங்கள். காலில் புண்ணோடு வெறுங்காலாகச் சேற்றில் இறங்காதீர்கள், மாரியில் எலிக்காய்ச்சல் அப்படித்தான் ஒட்டும். சிரட்டை, ரயர், வாளியில் தேங்கிய தண்ணீரையும் கவிழ்த்துவிடுங்கள். நுளம்பு பெருகும் காலம்.

வெயிலில் காயப்போடுதல்

மாசி வெயிலுக்கு இன்னொரு குணம் உண்டு. காற்றில் ஈரம் குறைந்துகொண்டு வரும், வெயில் நிறத்தைக் கருக்காது. மோர்மிளகாயும் பாகற்காய் வற்றலும் போட இதைவிட நல்ல நேரம் கிடையாது. ஓலைப்பாயை நிலத்தில் விரிக்காமல் வாங்கு உயரத்துக்குத் தூக்கி விரியுங்கள், அடியாலும் காற்றுப் போகும். பனி இறங்குமுன், ஐந்தரைக்கெல்லாம், உள்ளே எடுத்துவிட வேண்டும். ஓர் இரவு வெளியில் கிடந்தால் அன்றைய காய்ச்சல் முழுதும் போச்சு.

ஆவணி, புரட்டாதியில் பனங்கொட்டை பாத்தி போட்டவர்களுக்கு இதுதான் கிழங்கு கிண்டும் காலம். கிழங்கை நெடுக்காகக் கிழித்துப் பச்சையாகக் காயப்போட்டால் ஒடியல், அவித்துக் காயப்போட்டால் புழுக்கொடியல். இரண்டாகப் பிளந்த கிழங்கு முதல் நாள் வெள்ளையாக வளைந்து கொடுக்கும். நல்ல வெயில் தொடர்ந்து கிடைத்தால் மஞ்சள் பூத்து, உடைத்தால் டக்கென்று முறியும். முறியாவிட்டால் இன்னும் ஒரு வெயில் வேண்டும்.

விதைக்கு மட்டும் வேறு முறை. வெண்டி, பயிற்றை, கத்தரி விதைகளைச் சீமெந்து முற்றத்தில் மத்தியான வெயிலில் போட்டால் முளைத்திறன் கெடும். முதலில் நிழலில் இரண்டு மூன்று நாள், பிறகு சுளகில் வைத்துக் காலை வெயிலில் மட்டும். பல்லால் கடித்தால் பதியாமல் உடையும் பதம் வந்ததும், ஆறவிட்டு, உலர்ந்த சாம்பலோடு போத்தலில் அடைத்து, பெயரும் மாதமும் எழுதி வையுங்கள்.

பங்குனி வரும்போது

மாசிக் கடைசியில் நிழல் கம்பை மறுபடி பாருங்கள். மதிய நிழல் ஆறடிக்கு இரண்டடிக்கும் குறைவாகச் சுருங்கியிருக்கும். இனி வெயில் சாய்ந்து வராது, தலையில் இறங்கும். நெல் வெட்டு நடக்கும் காலம் என்பதால் வைக்கல் தாராளமாகக் கிடைக்கும். செடியின் தண்டில் முட்டாமல் மூன்று அங்குலத் தடிப்புக்குப் பாத்தியெங்கும் பரப்புங்கள். தண்ணீரைத் தினமும் காலையில் என்று மாற்றுங்கள். தக்காளிப் பழங்கள் வெயிலில் வெண்ணிறமாகப் பொரியத் தொடங்கினால் மேற்குப் பக்கம் கிடுகுத் தட்டி ஒன்றைச் சாய்த்துவிடுங்கள், பிற்பகல் வெயில்தான் சுடுவது. கீரைப் பாத்தியை முருங்கை நிழலுக்கு நகர்த்துங்கள். வெட்டிய கதியால்கள் இதற்குள் தழைத்திருக்கும். அவற்றை இப்போது வெட்டாமல் விடுங்கள். அடுத்த வெட்டு மார்கழியில்.